பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே படிப்பு: எங்கே, எப்படித் தொடங்குவது?



போன வருஷம் ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுவாரம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், யார் என்று எழுத வேண்டாம் என அந்த அக்கா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வசூலாகி, புதுக் கடன் பற்றிப் பேச்சு ஆரம்பித்ததுமே அவர் எழுந்துவிட்டார். "என்னக்கா, தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடாம கெளம்புறீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஊக்குநர்தான் சொன்னார்: "மூத்த புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துருக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல அவளால இருக்க முடியாது."

அவர் பின்னாலேயே நானும் போனேன். வீட்டுக்குள் பாயில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை. மூளை முடக்குவாதம். கையும் காலும் விறைத்திருக்கும், பேச்சு வராது. ஆனால் அம்மா குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். ஆறு வயதில் ஒரு பள்ளிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். "இங்க வச்சுப் பாக்க ஆள் இல்லம்மா, வீட்லயே வச்சுக்கோங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கிளம்பும்போது அந்த அக்கா கேட்டார்: "பெரிய ஊர்ல படிச்சவங்க புள்ளைகள பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாம வீட்லயே படிக்க வைக்கிறாங்களாம், டிவியில காட்டுனாங்க. என் புள்ளைக்கு அப்படி ஏதும் உண்டா தாயி?"

உண்டு. சட்டத்திலேயே உண்டு. நம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளுக்கு இது தெரியாமல் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கல்வி. 2012-ல் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள பிள்ளையும், கடுமையான குறைபாடு உள்ள பிள்ளையும் விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமை உண்டு என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அடுத்து 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி என்று அது நீட்டித்தது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதில் இருக்கிறது.

ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உரிமை, பெற்றோரின் உரிமை. பள்ளி நம்மைத் திருப்பி அனுப்புவதற்குக் கிடைத்த சாக்கு அல்ல. "வீட்லயே வச்சுக்கோங்க" என்று வாசலில் சொல்வதும், நாமாக யோசித்து "இப்போதைக்கு வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம், ஆசிரியரை அனுப்புங்கள்" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதலாவது மறுப்பு. மறுக்க எந்தப் பள்ளிக்கும் அதிகாரம் கிடையாது. வயதுச் சான்று இல்லை, ஜூன் மாதம் போய்விட்டது என்ற காரணங்களும் செல்லாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். "வீட்லயே படிக்கலாம்னு கோஆர்டினேட்டரே சொன்னாங்க" என்று, ஓடியாடி நடக்கிற பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தம்பியைப் பார்க்கவோ, தீப்பெட்டி ஒட்டவோ, மில்லுக்கு அனுப்பவோ நிறுத்தினால் அதற்கு இந்தக் கட்டுரை பொறுப்பு இல்லை! நகரத்தில் நல்ல வசதியோடு தாங்களே பாடம் சொல்லித் தருகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ, தனித்தேர்வராகவோ பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால் அந்த வழியைப் பற்றிக் கல்வி உரிமைச் சட்டம் தனியாக எதுவும் சொல்லவில்லை. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றுதான் சொல்கிறது. வீட்டுக் கல்வி உரிமை என்று பெயர் சொல்லி எழுதியிருப்பது கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

பெயரைப் பதிவதில்தான் ஆரம்பம்

வீட்டுப் படிப்பு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது என்றால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதுதான் முறை. பிள்ளையின் பெயர் பக்கத்து அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஏற வேண்டும், எமிஸ் எண் கிடைக்க வேண்டும். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். ஒன்பது வயது என்றால் நான்காம் வகுப்பு. "எழுத்தே தெரியாதே, நாலாப்புல எப்படி?" என்று நீங்களே தயங்காதீர்கள். பெயர் இருந்தால்தான் பாடப்புத்தகம், சிறப்புப் பயிற்றுநர், உதவி உபகரணம் என்று எதையும் வாய் திறந்து கேட்க முடியும்.

தலைமை ஆசிரியரிடம் போகும்போது வெள்ளைத் தாளில் எழுதியே கொண்டு போங்கள். "என் மகளுக்கு இன்ன குறைபாடு உள்ளது. பள்ளியில் சேர்த்துக்கொண்டு வீட்டுவழிக் கல்வி வழங்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற இரண்டு வரி போதும். இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடனுக்கு எத்தனை நகல் எடுத்திருக்கிறோம், இதற்கு ஒன்று எடுக்கக் கூடாதா? தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊக்குநரையும் பிரதிநிதியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று பெண்கள் சேர்ந்து போய் நின்றால் நாற்காலி போடுவார்கள்.

அங்கிருந்து தகவல் வட்டார வள மையத்துக்குப் போகும். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒன்று உண்டு, நம்ம பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு மூன்றுக்கும் தனித்தனி. முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கம் என்று இருந்ததை 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்கிறார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இந்த மையத்தோடு சேர்ந்தவர்கள்தான். தலைமை ஆசிரியர் தாமதித்தால் நேரே வள மையத்துக்கே போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் சொல்லலாம்.

ஒன்றியந்தோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். அதைத் தவற விடாதீர்கள். டாக்டர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அடையாள அட்டை, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, பஸ், ரயில் சலுகை எல்லாவற்றுக்கும் அங்கே பதியலாம். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு நகல், போட்டோ நான்கைந்து, பழைய மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

பள்ளி வயது வராத குழந்தை என்றால் ஆறு வயது வரை காத்திருக்கவே கூடாது. கழுத்து நிற்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை என்றால் அங்கன்வாடி ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள். "எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு லேட்டாத்தான் பேச்சு வரும்" என்று மாமியார்கள் சொல்வதை நம்பி இரண்டு வருஷம் போன கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

வாரம் ஒருநாள் வருகிறவர் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியை எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். சிறப்புப் பயிற்றுநர் பல ஊர்களைப் பார்க்கிறவர். வாரத்துக்கு ஒருநாள் வந்தாலே பெரிய விஷயம். ஒரு மணி நேரத்தில் என்ன படித்துவிடும்?

இதற்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்டேஜ் என்று ஓர் ஊர். சுற்றிலும் கிராமங்கள், தூரம் தூரமாக வீடுகள். குறைபாடுள்ள சின்னக் குழந்தைகளைத் தினமும் ஒரு மையத்துக்குக் கூட்டி வர வழியில்லை. 1969-ல் ஆசிரியரையே வாரம் ஒருமுறை வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். போன ஆசிரியர், பிள்ளைக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டுத் திரும்பவில்லை. அந்த வாரம் கற்றுத்தர வேண்டிய ஒன்றிரண்டு விஷயங்களை அம்மாவுக்குச் செய்து காட்டி, அம்மாவைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். மீதி நாட்களில் அம்மாதான் ஆசிரியர். பிறகு இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது, இந்தியாவுக்கும் வந்தது.

ஆகவே பயிற்றுநர் வரும்போது டீ போட உள்ளே போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "இதை நான் செஞ்சு காட்டுறேன், சரியான்னு பாருங்க சார்" என்று கேளுங்கள். அடுத்த முறை வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதி வாங்குங்கள்.

நோட்டு பற்றி ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். சமூகப்பணி படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்த நாளில், இதேபோல ஒரு அம்மாவுக்கு இருபது பயிற்சிகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பெருமையாக வந்தேன். பத்து நாள் கழித்துப் போனால் நோட்டு அடுப்படிப் பரணில் கிடக்கிறது. "இத்தனையும் செய்ய எனக்கு எத்தனை கை இருக்கு தாயி?" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு நேரத்தில் இரண்டே இரண்டு. அதுவும் தனி வேலையாக இல்லாமல், குளிப்பாட்டும்போது, சாப்பாடு கொடுக்கும்போது, உடை மாற்றும்போது சேர்ந்து நடக்கிற மாதிரி இருக்க வேண்டும். உட்கார வைத்துச் சொல்லித் தருவது பத்து, பதினைந்து நிமிஷம் போதும்.

வீட்டில் என்னென்ன சொல்லித் தரலாம்?

முதலில் உட்காருவது. படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு உலகம் என்றால் கூரையும் மின்விசிறியும்தான். உட்கார்ந்தால்தான் கை எதிரே வரும், கண் ஆளைப் பார்க்கும், சாப்பாடும் ஒழுங்காக இறங்கும். சுவர் மூலையில் இரண்டு பக்கமும் முதுகு சாய்கிற மாதிரி உட்கார வைத்து, கால் இரண்டும் பின்னிக்கொள்ளாமல் நடுவே சுருட்டிய துணியை வைத்தால் பல பிள்ளைகளுக்கு நிற்கும். தச்சரிடம் சொன்னால் பலகையில் மூலை நாற்காலி செய்து தருவார். மெக்சிகோவில் கிராமத்து மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்த டேவிட் வெர்னர் 1987-ல் வெளியிட்ட புத்தகத்தில், கையில் கிடைக்கிற பொருட்களை வைத்து இப்படிச் செய்கிற உபகரணங்களைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த மாதிரி என்று இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விறைத்த கையை, காலை நாமாகப் பலம் போட்டு இழுக்கவே கூடாது.

படுக்க வைத்து ஊட்டக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்த்தான் பல பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி, காய்ச்சல், நிமோனியா வருகிறது. நிமிர்த்தி, தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிற மாதிரி வைத்து, ஒவ்வொரு வாயும் விழுங்கியதைப் பார்த்து அடுத்ததைக் கொடுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு "நல்லாத்தான் இருக்கா" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அடுத்து, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது இதுதான்: ஆமாம், இல்லை என்று சொல்லக் கற்பது. பேச்சு வராத பிள்ளைக்குக் கருத்து இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அறிவு நன்றாகவே இருக்கும், வாயும் கையும்தான் ஒத்துழைக்காது. ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு கையில் பொம்மை. "எது வேணும்?" கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நாம் யாரும் காத்திருப்பதில்லை, அதுதான் தப்பு! கண் எந்தப் பக்கம் போகிறதோ அதைக் கொடுங்கள். பத்து நாளில் பிள்ளைக்குப் புரிந்துவிடும், "நான் பார்த்தால் கிடைக்கிறது" என்று. பேச்சின் ஆரம்பம் அதுதான்.

அப்புறம் படங்கள். கடையில் வாங்க வேண்டாம். நம்ம மாவட்டத்தில் தீப்பெட்டி லேபிளுக்கா பஞ்சம்? பூ, சாவி, சிங்கம், மணி என்று ஒவ்வொன்றும் ஒரு படம். பால்கோவா டப்பா அட்டை, சோப்புக் கவர், பிஸ்கட் கவர், வீட்டு ஆட்களின் போட்டோ எல்லாவற்றையும் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, வலி, அம்மா, வெளியே போகணும் என்ற ஆறு படம் முதலில் போதும். "வலி" படத்தை மறந்துவிடாதீர்கள். பேசத் தெரியாத பிள்ளை அழுதால் எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் நாம் தவிக்கிற தவிப்பு இருக்கிறதே! யாராவது தப்பாகத் தொட்டாலும் காட்டத் தெரிய வேண்டும், குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு உடை போடக் கற்றுத்தர ஒரு நல்ல வழி இருக்கிறது. கடைசியிலிருந்து ஆரம்பிப்பது. டவுசரை நீங்களே இடுப்புக்குப் பக்கம் வரை ஏற்றிவிடுங்கள். கடைசி இழுப்பை மட்டும் பிள்ளை இழுக்கட்டும். "போட்டாச்சு!" என்று கை தட்டுங்கள். அது பழகியதும் தொடை வரை நீங்கள், மீதி பிள்ளை. பிறகு முழங்கால் வரை. முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தால் பாதியில் தோற்று அழும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் முடித்த சந்தோஷம் அதுக்குத்தான். பல் துலக்க, கை கழுவ, பாத்திரம் எடுத்து வைக்க எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

எண்ணும் எழுத்தும் அதன் பிறகு. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிப் பெயரின் முதல் எழுத்து. தட்டில் ஒரு இட்லி, இரண்டு இட்லி. பெரிய செம்பு, சின்னச் செம்பு. புளியங்கொட்டையை வாயில் போடுகிற பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், மாடு, கோழி, படிக்கட்டு என்று எண்ண எத்தனையோ இருக்கிறது. தசைச் சிதைவு நோய் வந்து நடக்க முடியாமல் போன பையன் என்றால் கதையே வேறு. அவனுக்கு வகுப்புப் பாடம் முழுவதையும் படிக்க முடியும். வகுப்பாசிரியரிடம் அன்றன்றைய பாடத்தைக் கேட்டு வாங்குங்கள், 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் வந்த பாடங்களும் உதவும். பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி மூலம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

செய்ததை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். நம்ம வரவு செலவு நோட்டு மாதிரிதான். "திங்கள்: டம்ளரைப் பார்த்தாள், 5-ல் 2 தடவை." எழுதத் தெரியாத அம்மா கோடு போட்டாலும் போதும். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்க்கும்போது, ஒன்றும் முன்னேறவில்லை என்று நினைத்த பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

அம்மாவை யார் பார்ப்பது?

மேலே சொன்னதெல்லாம் ஒரே பெண் தலையில் விழுந்தால் நடக்காது. எனக்குத் தெரிந்த இப்படிப்பட்ட அம்மாக்களில் பலர் வேலையை விட்டவர்கள். சிலருக்குக் கணவரும் விட்டுப் போயிருக்கிறார். இடுப்பு வலி இல்லாதவர் ஒருவர்கூட இல்லை, வளர்ந்த பிள்ளையைத் தூக்கித் தூக்கி!

நான் முதலில் சொன்ன அந்தக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் முன்வந்து, வாரத்துக்கு ஒருவர் ஒருநாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு இருப்பது என்று. முதல் இரண்டு வாரம் பயந்தார்கள், "நம்ம கையில ஏதும் ஆயிட்டா?" என்று. பயிற்றுநர் வந்த அன்று அவர்களையும் உட்கார வைத்து எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது என்று காட்டச் சொன்னேன். பிறகு பள்ளிவிட்டு வரும் தெருப் பிள்ளைகளே வந்து படம் காட்டி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். பூட்டுப் போடுவது நின்றது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். தீப்பிடித்தால், பாம்பு வந்தால் அது கத்தக்கூட முடியாது.

இப்படிப்பட்ட பெற்றோர் ஐந்து பேர் சேர்ந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புச் சுய உதவிக் குழுவாகவே பதியலாம். வழக்கமான குழு போல பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்பதில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக. கடுமையான குறைபாடு, அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு உள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023-ல் அதை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். விருதுநகரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. அடையாள அட்டை கையில் இருந்தால்தான் இரண்டும்.

நேரில் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பவர்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்கு ஒருமுறை போய் வாருங்கள். நம்ம ஊரிலிருந்து ரயிலிலேயே தென்காசி போய்விடலாம். அங்கே இருக்கும் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயல்படாமல் போனவர். 1981-ல் சொந்த ஊரில் இந்த அமைப்பை ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களுடைய பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். நம்ம கூட்டமைப்பிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தை மறக்க வேண்டாம்

வீட்டுக் கல்வி கிடைத்துவிட்டது என்று பள்ளிக்கூட நினைப்பையே விட்டுவிடக் கூடாது. இது என் சொந்தக் கருத்து, வேறு மாதிரி நினைப்பவர்களும் உண்டு. வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே சம வயதுப் பிள்ளைகள் கிடையாது. சண்டை கிடையாது, சத்துணவு வரிசை கிடையாது. அதனால் உட்காரப் பழகியதும் வாரம் ஒருநாள், அரை நாள் பள்ளிக்குக் கூட்டிப் போகப் பாருங்கள். வட்டார வள மையத்தோடு சேர்ந்த பகல்நேரப் பராமரிப்பு மையம் உங்கள் பக்கம் இருந்தால் அங்கே சில காலம் விடலாம். கூட்டிப் போக, வரப் போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி, பெண் குழந்தைகளுக்கு மாத உதவித்தொகை என்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. மூலை நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருகிறாள். பள்ளிச் சுதந்திர தின விழாவுக்கு அம்மா தூக்கிப் போயிருந்தார், வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று மிட்டாய் கொடுத்தார்களாம். ஆறு படங்களில் நான்கை நன்றாகக் காட்டுகிறாள். அதில் அதிகமாகக் காட்டுவது "வெளியே போகணும்" படம். "இப்ப இவ தொல்லை தாங்கல தாயி, எந்நேரமும் அதையே பாக்குறா" என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே புகார் சொன்னார்.

உங்கள் குழுவிலோ தெருவிலோ எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால், பெயர், வயது, குறைபாடு மூன்றையும் அடுத்த கூட்டத்தின் தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வள மையத்துக்குச் சேர்ந்தே போவோம்.